டவுட் இருக்கா? இல்லையா? ஓகே, நெக்ஸ்ட்!

ஆணி கொஞ்சம் அதிகமாயிட்டதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல, மன்னிச்சுக்குங்க மக்கா. இன்னிக்கு மொக்கை போடுற ஐடியா இல்ல, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். உங்கள்ல பாதிப் பேர் இன்ஜினியரிங் படிச்சு நொந்தவங்க. மீதியில கொஞ்சம் பேர் இப்ப பாடம் நடத்தி நொந்துக்கிட்டிருக்கறவங்க. ரெண்டு கோஷ்டிக்கும் இதுல பங்கு இருக்கு.

என் பெரியம்மா பொண்ணு ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொபசர். (காலேஜ் பேர் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு வேலை வேணும்ல?) போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன். "டேய் தம்பி, எக்ஸெல்ல கிராஃப் போடத் தெரியும்ல உனக்கு?" பொட்டி தட்டுறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது! எதுக்குக்கான்னு கேட்டேன். "என் கிளாஸ்ல ஆக்‌ஷன் ரிசர்ச் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்"னாங்க.

சிரிச்சுட்டேங்க. ரிசர்ச்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு எலிக்கு ஊசி போடுறது. இன்னொண்ணு, நம்ம காலேஜ் ஸ்டாஃபெல்லாம் புரமோஷனுக்காக அவசர அவசரமா கான்ஃபரன்ஸ்ல வாசிக்கற பேப்பர். 2010ல யூ.ஜி.சி. ஏ.பி.ஐ.னு ஒரு பாயிண்ட் முறை கொண்டு வந்ததுலேர்ந்து இந்த ரெண்டாவது வகை நாட்டுல எப்படிப் பெருகுச்சுன்னு உங்களுக்கே தெரியும். அக்காவும் அந்த ஜோதியில ஐக்கியமாயிட்டாங்கன்னு நினைச்சேன். அனுப்பின ஷீட்டைத் திறந்து பார்த்தப்புறம்தான் சிரிச்சதுக்கு வருத்தப்பட்டேன்.

மேட்டர் இதுதான். மூணாவது செமஸ்டர், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், மத்தியானம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். அறுபது பிள்ளைங்க. அட்டெண்டன்ஸ் பார்த்தா பிரமாதம், தொண்ணூறுக்கு மேல. ஏன் இருக்காது? 75 சதவீதம் இல்லைன்னா பரீட்சை எழுத முடியாது, கண்டோனேஷன் கட்டணும், வீட்டுக்கு லெட்டர் போகும். உடம்பு எல்லாம் பெஞ்சுல இருக்கு. மனசு எங்க இருக்குன்னுதான் அக்காவுக்குக் கேள்வி. கேள்வி கேட்டா பதில் வராது. டவுட் இருக்கான்னா அமைதி. டெஸ்ட் வச்சா பாதிப் பேர் காலி. "புரியலைன்னு கூடச் சொல்ல மாட்டேங்கறாங்கடா, அதான் எனக்குத் தாங்கல."

மத்த ஸ்டாஃப் எல்லாரும் இதுக்கு ரெடிமேடா ஒரு பதில் வச்சிருக்காங்க: "இந்த பேட்சே இப்படித்தான் மேம், செல்போன் ஜெனரேஷன்." (எங்களையும் இதேதான் சொன்னாங்க. எங்களுக்கு முன்னாடி பேட்சை டிவி ஜெனரேஷன்னு சொல்லியிருப்பாங்க.) அக்கா அதோட விடல. தப்பு எங்கிட்டயும் இருக்கான்னு பார்க்கணும்னு நினைச்சாங்க. எப்படிப் பார்த்தாங்கங்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். செல்போனை டேபிள் மேல கவுத்து வச்சு, தன் வகுப்பைத் தானே ஒரு வாரம் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. தன் குரலை மட்டும் கேக்கறதுக்கு.

வீட்டுல ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்காங்க. "டவுட் இருக்கா? இல்லையா? ஓகே, நெக்ஸ்ட்!" ஒரே மூச்சுல! ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தா, கேள்விக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல ஒரு செகண்ட் கூட இல்ல. "நான் கேள்வியே கேக்கலடா, கேள்வி மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கேன்"னாங்க போன்ல. எனக்குக் கொஞ்ச நேரம் என்ன சொல்றதுன்னு தெரியல.

இது அக்காவோட தனி வியாதி இல்லைங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1960கள் கடைசியிலயும் 70கள்லயும் பள்ளிக்கூட அறிவியல் வகுப்புகளை டேப் டேப்பா ரெக்கார்ட் பண்ணிக் கேட்டிருக்காங்க. ஆசிரியர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காரு. அதை மூணு செகண்டா ஆக்கினா பிள்ளைங்க நீளமாப் பதில் சொல்றாங்க, வழக்கமா வாயே திறக்காத பிள்ளைங்களும் திறக்கறாங்க. மூணே செகண்ட்! செலவு காலணா கிடையாது. ஆனா வகுப்புல நின்னு பாருங்க, மூணு செகண்ட் மௌனம் மூணு யுகம் மாதிரி இருக்கும். அக்கா மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினாங்களாம். முதல் நாள் ரெண்டு தாண்டல, பயத்துல தானே பதில் சொல்லிட்டாங்களாம்.

இந்த ஆக்‌ஷன் ரிசர்ச்சுக்குக் கொஞ்சம் பூர்வீகம் சொல்லிடறேன், போர் அடிச்சா அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. கர்ட் லெவின்னு ஒரு சமூக உளவியல்காரர், ஜெர்மனியிலேர்ந்து அமெரிக்கா போனவர், 1946ல எழுதின ஒரு கட்டுரையில இதைப் பேசினாரு. திட்டம் போடு, செய், என்ன ஆச்சுன்னு பாரு, யோசி, மறுபடி திட்டம் போடு. கொலம்பியாவுல ஸ்டீபன் கோரி 1953ல இதைப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குன்னே புத்தகமாப் போட்டாரு. அடிப்படை என்னன்னா, ஆராய்றவரும் ஆராயப்படறவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள். வெளியிலேர்ந்து ஒரு நிபுணர் வந்து ரிப்போர்ட் குடுத்துட்டுப் போறதில்ல. நம்ம பாஷையில சொன்னா, உன் கோடை நீயே டீபக் பண்றே. ஸ்பிரிண்ட் முடிஞ்சு ரெட்ரோ போடுறோமே, அதேதான். (நம்ம ரெட்ரோல யாரும் உண்மை பேசறதில்லைங்கறது வேற கதை.)

அக்கா ரெண்டாவதா செஞ்சது துண்டுச் சீட்டு. பீரியட் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப ஆளுக்கு ஒரு சீட்டு. பேர் வேண்டாம், ரோல் நம்பர் வேண்டாம். இன்னிக்கு எது புரியலையோ அதை ஒரு வரி எழுதணும். தமிழ், இங்கிலீஷ், தங்கிலீஷ் எது வேணா. இதுவும் புதுசு இல்ல, ஃபிரெடரிக் மோஸ்டெல்லர்ங்கற ஹார்வர்ட் புள்ளியியல் பேராசிரியரே தன் வகுப்புல செஞ்சு 1989ல எழுதியிருக்காரு. முதல் நாள் பாதிச் சீட்டு வெள்ளையா வந்துச்சு, சிலதுல ஸ்மைலி, ஒண்ணுல "பசிக்குது மேம்" (சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட்ல!). ரெண்டாவது வாரம் ஒரு சீட்டு தமிழ்ல, சின்ன எழுத்துல: "மேம், நோடுன்னா என்ன? மூணு வாரமா கேக்கலாம்னு இருக்கேன்."

லிங்க்டு லிஸ்ட் முடிஞ்சு அடுத்த யூனிட் போயாச்சு. அந்தப் பிள்ளை முதல் வார்த்தையிலயே நிக்குது. மூணு வாரமும் அட்டெண்டன்ஸ்ல பிரசென்ட்.

எனக்கு அது சுருக்குன்னு குத்துச்சு. நாலு வருஷத்துல நான் கிளாஸ்ல கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு வந்த பதில், "இது சிலபஸ்ல இல்லப்பா, உக்காரு." உக்காந்தவன்தான், டிகிரி வாங்கத்தான் எந்திரிச்சேன். நானாவது சென்னையில இங்கிலீஷ் மீடியம் படிச்சவன். 2021லேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்திருக்கு. நல்ல விஷயம், ரொம்ப நல்ல விஷயம். ஆனா உள்ள வந்த பிள்ளை முதல் நாள்லேர்ந்து இங்கிலீஷ் ஸ்லைடை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சீட் குடுத்தோம். கை தூக்கறதுக்குத் தைரியம் யாரு குடுக்கறது?

சரி, ரிசல்ட்டுக்கு வரேன். இங்கதான் சினிமா மாதிரி எல்லாம் சுபமா முடியல. காத்திருக்க ஆரம்பிச்சதும் தானா வாய் திறக்கறவங்க எண்ணிக்கை ஏறுச்சு. ஆறு பேர் இருந்த இடத்துல பதினஞ்சு. கிராஃப் போட்டப்ப எனக்கே குஷியா இருந்துச்சு. ஆனா அக்கா யாரு யாருன்னு பெஞ்சு வாரியாவும் குறிச்சு வச்சிருந்தாங்க. அதைத் தனியாப் பிரிச்சா, பொண்ணுங்க பக்கத்துலேர்ந்து புதுசா ஒரே ஒரு ஆள். மீதி எல்லாம் பசங்க பக்கம் நடு பெஞ்சு. மொத்தக் கணக்கு மட்டும் பார்த்திருந்தா வெற்றி வெற்றின்னு கொடி புடிச்சிருப்போம்.

அதனால ரெண்டாவது சுத்து. எரிக் மஸூர்னு ஒரு ஹார்வர்ட் இயற்பியல் வாத்தியார். அவரு கதை இந்த வட்டாரத்துல ரொம்பப் பிரபலம். 1990 வாக்குல, தன்னை நல்ல வாத்தியார்னு நம்பிக்கிட்டிருந்தவரு. மாணவர்கள் குடுத்த மதிப்பெண்ணும் அப்படித்தான் சொல்லுச்சு. விசையைப் பத்தி ரொம்ப எளிமையான, கணக்கே இல்லாத ஒரு கேள்வித்தாளைக் குடுத்துப் பார்த்திருக்காரு. ஒரு மாணவி, நீங்க சொல்லிக்குடுத்தபடி பதில் எழுதணுமா, இல்ல நான் வழக்கமா நினைக்கறபடி எழுதணுமான்னு கேட்டிருக்கு! பெரிய பெரிய கணக்கைப் போட்ட பிள்ளைங்க அடிப்படையில கோட்டை விட்டிருக்காங்க. அதுக்கப்புறம் லெக்சரைக் குறைச்சு, ஒரு கேள்வி, ஆளாளுக்கு ஓட்டு, பக்கத்துல இருக்கறவங்களோட விவாதம், மறுபடி ஓட்டுன்னு மாத்தினாரு. 1997ல புத்தகமும் போட்டாரு.

அக்கா கிளிக்கருக்கெல்லாம் எங்க போவாங்க? விரல்தான். கேள்வி இது: லிங்க்டு லிஸ்ட் நடுவுல ஒரு நோடைச் சொருகணும், எந்த லிங்க்கை முதல்ல மாத்துவே? நெஞ்சுக்கிட்ட வச்சு ஒரு விரல் இல்ல ரெண்டு விரல், பக்கத்துல இருக்கறவன் பார்க்கக் கூடாது. முதல் ஓட்டுல பெரும்பாலும் தப்பு, முன்னாடி நோடோட லிங்க்கை முதல்ல மாத்திட்டாங்க. அப்படி மாத்தினா அதுக்குப் பின்னாடி இருக்கற லிஸ்ட் மொத்தமும் கை விட்டுப் போயிடும். ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னு விட்டாங்க. பொண்ணுங்க பக்கம் முதல் தடவையா சத்தம். கையைக் கோத்து நின்னு, ஒருத்தி கையை விட்டா பின்னாடி இருக்கறவ எங்க போனான்னு நடிச்சே காட்டியிருக்காங்க. ரெண்டாவது ஓட்டுல பெரும்பாலும் சரி.

அந்த நேரம் பார்த்து வராண்டாவுல ஹெச்.ஓ.டி. "என்ன மேம், கிளாஸ் கன்ட்ரோல் இல்லையா?"

இன்டர்னல் டெஸ்ட் வந்துச்சு. சராசரி மார்க் அசையல. கேள்வித்தாளை எனக்கு அனுப்பினாங்க. லிங்க்டு லிஸ்ட் வரையறு, வகைகளை விளக்கு, அல்காரிதம் எழுது. க்வஸ்டின் பேங்க்கை உருப்போட்டவன் ஜெயிப்பான். கை கோத்து நின்னு புரிஞ்சுக்கிட்டவளுக்கு அதுல எழுத இடமே இல்ல. அதைவிடக் கொடுமை செமஸ்டர் கடைசியில மாணவர் ஃபீட்பேக். அக்காவோட ஸ்கோர் இறங்கிடுச்சு. "மேம் நடத்தறதில்ல, எங்களையே பேசச் சொல்றாங்க"ன்னு சில பேர் எழுதியிருக்காங்க. அந்த ஸ்கோரை வச்சுத்தான் அங்க இன்க்ரிமென்ட்.

2019ல ஹார்வர்ட்லயே இதை அளந்திருக்காங்க. தானே செஞ்சு கத்துக்கற வகுப்புல இருந்த பிள்ளைங்க டெஸ்ட்ல கூடுதலா வாங்கினாங்க. ஆனா, எவ்வளவு கத்துக்கிட்டேன்னு கேட்டா, கம்மியா கத்துக்கிட்டதாச் சொன்னாங்க. மூளை கஷ்டப்பட்டா எதுவும் ஏறலைன்னு தோணும். வாத்தியார் வழுவழுன்னு நடத்தினா ஆஹா புரிஞ்சுருச்சுன்னு தோணும். அப்ப ஃபீட்பேக் ஸ்கோரை வச்சு சம்பளம் நிர்ணயிக்கற காலேஜ்ல புதுசா எதையாவது முயற்சி பண்றவங்களுக்கு நாமளே அபராதம் போடுறோம்னு அர்த்தம். என் கோபம் இங்கதான். அபராதம் போட்டுட்டு, இன்னொரு கையால "இன்னோவேட்டிவ் டீச்சிங் மெத்தட்ஸ்"னு ஃபைல் கேப்பாங்க!

ஃபைல்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்தியா 2014 ஜூன்ல வாஷிங்டன் அக்கார்டுல நிரந்தர உறுப்பினர் ஆச்சு, அப்புறம் என்.பி.ஏ. அங்கீகாரம் வேணும்னா ஒவ்வொரு பாடத்துக்கும் சி.ஓ., பி.ஓ., அட்டெயின்மென்ட் கணக்கு காட்டணும். இலக்கு வை, அளந்து பார், எட்டலைன்னா என்ன மாத்தினேன்னு எழுது. யோசிச்சுப் பாருங்க, இது அச்சு அசல் லெவின் சொன்ன சுத்துதான்! தாள்ல இருக்கறது தங்கமான விஷயம். நடைமுறையில என்ன நடக்குது? கமிட்டி வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி உக்காந்து, வர வேண்டிய நம்பர்லேர்ந்து பின்னாடி போய் எக்ஸெல் நிரப்புவாங்க. பில்டு ஃபெயில் ஆகுதுன்னா டெஸ்ட் கேஸையே டெலீட் பண்ற மாதிரி. (நாங்க பண்ணினதில்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.)

எல்லாம் முடிஞ்சதும் அதே ஹெச்.ஓ.டி. அக்காவைக் கூப்பிட்டு, நல்ல டாபிக் மேம், பேப்பராப் போடலாம், ஆனா அவுட்கம் பாசிட்டிவா வரணும்னாரு. போன வருஷ பேட்ச் மார்க்கோட கம்பேர் பண்ணி ஒரு டி-டெஸ்ட் போட்டுடுங்க. போன வருஷக் கேள்வித்தாள் வேற, நடத்தினவர் வேற. அதெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?

இங்க என் வண்டவாளத்தையும் சொல்லிடறேன். அக்கா வருத்தமா இருந்தாங்களேன்னு நானே ஒரு ஐடியா குடுத்தேன். மார்க் கிராஃப்ல ஒய் ஆக்சிஸை பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்காம நடுவுலேர்ந்து ஆரம்பிச்சா அரை மார்க் வித்தியாசம் மலை மாதிரி தெரியும்க்கா, பொய் ஒண்ணும் இல்ல, நம்பர் எல்லாம் நிஜந்தானேன்னு. வரைஞ்சே அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரே வரி பதில் வந்துச்சு: "அப்ப நோடுன்னா என்னன்னு கேட்ட பிள்ளைக்கு நான் என்னடா சொல்றது?"

அந்த ஃபைலை அழிச்சுட்டேன்.

என் கட்சி இதுதான். ஒரு வகுப்பு, அறுபது பேர், கன்ட்ரோல் குரூப் இல்ல, நடத்தினவங்களே அளந்தவங்க. இதை மருந்து சோதனை மாதிரி நினைச்சா ஒண்ணுக்கும் ஆகாது. பிள்ளைங்களை ஈடுபடுத்தினா பலன் உண்டாங்கற பெரிய கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கு. 2014ல 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, வெறும் லெக்சர் வகுப்புல 33.8 சதவீதம் பேர் ஃபெயில், ஈடுபாட்டோட நடந்த வகுப்புல 21.8. எல்லாம் அறிவியல், இன்ஜினியரிங், கணக்குப் பாடங்கள். அதையே அக்கா மறுபடி நிரூபிக்க வேண்டியதில்ல. அக்காவோட கேள்வி, என் வகுப்புல, இந்த மத்தியான பீரியட்ல, எங்க அடைச்சிருக்குங்கறது. அதை ஹார்வர்ட்காரர் வந்து சொல்ல முடியாது.

ஆனா ஒரு விஷயத்துல நான் அக்காவோடயே சண்டை போட்டேன். கடைசியில "இந்த முறை பிடிச்சிருந்துச்சா"ன்னு ஒரு சர்வே எடுக்கறதா இருந்தாங்க, பேரோட. எங்க காலத்துல இன்டர்னல் 20, இப்ப 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு 40. அந்த நாப்பதும் அக்கா கையில. பிடிக்கலைன்னு எவன் எழுதுவான்? நான் ஸ்டூடன்ட்டா இருந்தா "சூப்பர் மேம், வேற லெவல்"னுதான் எழுதுவேன். மார்க் எல்லாம் ஏத்தி முடிச்ச அப்புறம், வேற ஒரு ஸ்டாஃப் மூலமா, பேரில்லாம எடுங்கன்னேன். முதல்ல கோபம், "என் பிள்ளைங்க அப்படி இல்லடா"ன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க. அப்படி எடுத்த சர்வேலதான், விரல் ஓட்டு பிடிச்சிருக்கு, ஆனா முழிச்சுக்கிட்டு நிக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறது பிடிக்கலைன்னு நிறைய பேர் எழுதினாங்க. மூணு செகண்ட் காத்திருந்தும் பதில் வராதப்ப அக்கா அப்படித்தான் யாரையாவது கூப்பிட்டிருக்காங்க. அவங்களுக்கே அது தெரியல.

நடுவுல எனக்கும் ஒரு சோதனை பண்ணிப் பார்த்தேன். எங்க டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கு நான்தான் சொல்லிக்குடுக்கறேன். ஒரு நாள் காலை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன். "க்ளியரா? குட், குட். அடுத்தது..." அந்தப் பசங்க ரெண்டும் தலையாட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. மறுநாள் துண்டுச் சீட்டு குடுத்தேன். ஒருத்தன் எழுதினது: "அண்ணா, ஸ்டேஜிங்னா என்ன?" சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது!

அக்கா பேப்பரை ஏறினது, ஏறாதது, ஃபீட்பேக் இறங்கினது எல்லாத்தையும் சேர்த்து எழுதினாங்க. ஹெச்.ஓ.டி. பார்த்துட்டு, இருக்கட்டும் மேம், என்.பி.ஏ. ஃபைல்ல வச்சுக்கலாம்னாராம். இன்க்ரிமென்ட் என்ன ஆச்சுன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. இந்த செமஸ்டர் அக்காவுக்கு வேற பாடம் போட்டுட்டாங்க, ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ். நேத்து ராத்திரி வீடியோ கால்ல பேசறப்ப, பழைய ரெக்கார்ட் நோட்டு அட்டையைக் கத்திரியால கீத்துக் கீத்தா வெட்டிக்கிட்டிருந்தாங்க. "பெஞ்சு வாரியா எண்றதுக்கு ஒரு ஷீட் போட்டுக் குடுடா. ஒய் ஆக்சிஸ் பூஜ்யத்துலேர்ந்து இருக்கட்டும்."